ஈரூரில் ஃபிலோமினாவின் வருஷம்

யாமினி வரைந்த ஊரின் பெயர் ஈரூர். அங்கே கடல் நாற்பது நாள் கரையில் இருக்கும். அடுத்த நாற்பது நாள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு விலகிப் போய்விடும். கடல் போனதும் மக்கள் மேட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, நீண்ட ஏணிகளில் இறங்கி, ஈரம் காயாத கடல்தரையில் இருக்கும் இன்னொரு வீட்டைத் திறப்பார்கள். ஆளுக்கு இரண்டு வீடு, இரண்டு தெரு, இரண்டு விதமான அண்டை வீட்டுக்காரர்கள். கடல் திரும்புவதற்கு அரை நாள் முன்னால் மேட்டில் மணி அடிக்கும். கேட்டதும் எல்லோரும் ஏறி வந்துவிட வேண்டும்.

திருச்சியில் ஒரு நுண்கலைக் கல்லூரியில் அவள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கடலை வாழ்நாளில் நான்கு முறைதான் பார்த்திருந்தாள். இரண்டாம் வருடத்தில் ஒரு வகுப்புப் பயிற்சிக்காகத் தொடங்கிய ஊர் அது. அதன் பிறகு வேறு எதையும் வரைய அவளுக்குக் கை வரவில்லை. அறுபத்து நான்கு ஓவியங்கள், பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு வரைபடம், சுட்ட மண்ணில் கிண்ணங்கள், மீன் எலும்பில் கதவுப் பிடிகள் என்று ஊர் வளர்ந்துகொண்டே போனது. டிசம்பரில் துறைக்குள் ஒரு முன்னோட்டம் வைத்தார்கள். யாமினி ஒரு மூலையில் நின்று, வருகிறவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் "நல்லாருக்கு" என்றார்கள். சராசரியாக ஒருவர் நான்கு நிமிடம் இருந்தார். ஆறு நிமிடம் இருந்த ஒரே ஆள், ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கிறது என்று நின்று போன் பேசிய பேராசிரியர்.

இதைக் கேட்டு ஃபர்ஹானா சிரித்தாள். அவள் யாமினி தங்கியிருந்த விடுதியின் மேல்மாடிக்காரி. ஊருக்கு வெளியே ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி.

"நாலு நிமிஷத்துல ஒரு ஊரு எப்படி மனசுல ஒட்டும்? நீ அவங்களுக்குப் படத்தக் காட்டுற. வேணும்னா நான் அங்க இருந்துட்டு வந்த ஞாபகத்தக் குடுக்கறேன்."

"கண்ணுல வி.ஆர். கண்ணாடி மாட்டிக்குவாங்களே, அந்த மாதிரியாக்கா?"

"இல்ல. அதுல நீ பார்த்துக்கிட்டு இருப்ப. இதுல பார்த்து முடிச்சிருப்ப."

ஆய்வுக்கூடத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. பக்கவாதத்தில் நினைவு இழந்தவர்களுக்கு அவர்களுடைய பழைய வாழ்க்கையைத் திரும்பப் பதிப்பதற்காகச் செய்தவை. படங்களையும் ஒலிகளையும் வாசனைகளையும் ஊட்டிவிட்டால், ஒன்பது நிமிடத்தில், உட்கார்ந்தவருக்கு ஓர் இடத்தில் ஒரு வருடம் வாழ்ந்த ஞாபகம் வந்துவிடும்.

"ஒரு வருஷத்துக்கு ஆகிற அளவுக்கு நான் வரையலையேக்கா."

"எலும்புக்கூடு குடுத்தாப் போதும், சதைய அவங்க மூளையே போட்டுக்கும். என்ன வேலை பார்த்தோம், யார் கூடப் பேசினோம், யார் மேல கோவம், எல்லாம் அவங்கவங்க சொந்தச் சரக்கு. மூணு நாள்ல கலைஞ்சிடும். காலைல கண்ட கனவு மாதிரி."

முதலில் உட்கார்ந்து பார்த்தது யாமினிதான். ஒன்பது நிமிடம் கழித்து எழுந்தபோது நாற்காலியின் கைப்பிடி கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான். ஈரூர் அவளுக்குள் வரவில்லை.

"உனக்கு வராது" என்றாள் ஃபர்ஹானா. "ஒவ்வொரு கல்லையும் நீ வெச்சது உனக்குத் தெரியுமே. அங்க இருந்தேன்னு சொன்னா உன் மூளை ஒத்துக்காது."

யாமினி சரி என்று தலையாட்டினாள். அந்த ஏமாற்றத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கண்காட்சி பிப்ரவரியில் பத்து நாள் நடந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எழுந்தவர்கள் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தன் செருப்பை மேட்டு வீட்டில் விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டார். ஓவியங்களின் முன் இப்போது யாரும் நான்கு நிமிடத்தில் நகரவில்லை. "இந்தத் திருப்பத்துல ஒரு தண்ணித் தொட்டி இருக்கணுமே" என்று அவளிடமே கேட்டார்கள். பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்தது. கல்லூரி முதல்வர் சற்குணம் அதை வெட்டித் தன் அறைக்கு வெளியே ஒட்டச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அதே அறைக்கு யாமினியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

உள்ளே ஐம்பத்தாறு வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் லூர்துசாமி, பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டர். முழங்கை வரை சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சிற்பங்களைப் பார்க்க மனைவியோடு வந்தவர், அடுத்த கூடத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயும் போயிருக்கிறார். கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நான் அந்த ஊர்ல ஒரு வருஷம் இருந்தேன் சார்" என்றார் முதல்வரிடம். குரல் உயரவில்லை. "கடல் போறப்பல்லாம் கீழ எறங்கி, ஒவ்வொரு வீடா என் வீட்டுக்காரியத் தேடினேன். அவளும் அதே மாதிரி ஒரு வருஷம் இருந்திருக்கா. மேட்டுல, தனியா ஒரு ரூம்ல. என்னையத் தேடவே இல்ல. நான்னு ஒருத்தன் இருக்கேங்கற நெனப்பே வரலையாம். கேட்டேன், அவளே சொன்னா."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆனா அது எதுவும் நடக்கலையே, மிஸ்டர் லூர்துசாமி."

"தெரியும் சார். அவளுக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன ஆவுது? காலைல அவ டீயக் கொண்டாந்து வெக்கிறப்ப, முப்பத்தோரு வருஷம் கூட இருந்தது ஞாபகம் வரல. அந்த ஒரு வருஷம்தான் வருது."

முதல்வர் யாமினியைப் பார்த்தார். யாமினி மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

ஃபர்ஹானா இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போன் செய்தாள். நூற்று எண்பத்தொரு பேருக்கு எல்லாம் கலைந்திருந்தது. முப்பத்தொரு பேருக்குக் கலையவில்லை.

"தினம் எடுத்துப் பார்த்திருக்காங்க" என்றாள் முதல்வரிடம். "எடுக்க எடுக்க ஞாபகம் ஆழமாப் போகும். மறக்க மனசில்லாதவங்க முப்பத்தோரு பேரு இருப்பாங்கன்னு நாங்க கணக்குப் போடல சார்."

"எடுத்துட முடியுமா?"

"முடியும். மறுபடி சேர்ல உக்காந்து அந்த வருஷத்த வாய்விட்டுச் சொல்லணும். வெளிய எடுக்கற ஞாபகம் கொஞ்ச நேரம் பச்சை மண்ணு மாதிரி இருக்கும். அது காயறதுக்குள்ள, சேர் பதிச்சத மட்டும் சேரே கலைச்சிடும். சொன்னது போயிடும். சொல்லாம விட்டது இருக்கும். அதனால முழுசாச் சொல்லணும். யாராவது ஒருத்தர் எதிர்ல உக்காந்து கேக்கணும்."

"நீங்க கேளுங்க."

"எனக்கு அந்த ஊரு தெரியாது சார். நடுவுல 'அப்படின்னா என்ன'ன்னு கேட்டு அறுத்துடுவேன். யாமினிதான் கேக்கணும்."

கேட்டதை எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று யாமினி எழுதிக் கொடுத்தாள். மே மாதப் பல்கலைக்கழக ஆய்வுக்குள் முப்பத்தொரு படிவத்திலும் 'முடிந்தது' என்று இருக்க வேண்டும் என்றார் முதல்வர். அதுவரை அவளுடைய மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டது.

பங்குனி வெயிலில், ஆய்வுக்கூடத்தின் சின்ன அறை ஒன்றில் அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். உறையூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஈரூரில் வழக்குத் தீர்த்துவைக்கிறவராக இருந்திருந்தார். ஒரு தீர்ப்பு தப்பாகிவிட்டது என்று இரண்டு முறை சொன்னார். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கீழே ஒரு நாயை வளர்த்திருந்தாள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் அந்த வருடம் முழுக்கத் தூங்கியிருந்தார். "முப்பது வருஷச் சர்வீஸ்ல இல்லாத தூக்கம்மா" என்றார்.

சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "ம், ஆரம்பிக்கலாமா?" என்றார்கள்.

"முடிஞ்சிடுச்சுங்க" என்பாள் யாமினி.

அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். நாயைப் பற்றியும் தப்பான தீர்ப்பைப் பற்றியும் தெரிந்தவள் இனி அவள் ஒருத்திதான். தான் வரைந்த எந்தப் படத்திலும் ஒரு நாய்கூட இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

ஏப்ரல் கடைசியில் இருபத்தொன்பது முடிந்தது. மிச்சம் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் அந்த வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். யாமினி போனபோது மத்தியானம் மூன்று மணி. லூர்துசாமியின் மனைவி ஃபிலோமினா, தான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒல்லியான, நிதானமான பெண்மணி. மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். லூர்துசாமி ஜன்னல் பக்கம் நின்றார்.

"நான் வரல பாப்பா" என்றாள் ஃபிலோமினா. "உனக்கு மார்க்கு நிக்குதுன்னு சொன்னாங்க. மன்னிச்சுக்க. ஆனா நான் வரல."

"ஏன் ஆன்ட்டி?"

"அங்க என்கிட்ட ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். பசிச்சா சமைச்சேன். பசிக்கலன்னா இல்ல. எனக்கு என்ன வேலை தெரியுமா? மணி அடிக்கிறது. கடலப் பார்த்துக்கிட்டே இருக்கணும். திரும்புதுன்னு தெரிஞ்சா அடிக்கணும். நான் அடிச்சா அம்புட்டு சனமும் ஏறி வரும். மத்த நாள் யாரும் என்னைய ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "பதினெட்டு வயசு வரைக்கும் அப்பா வீடு. அப்புறம் நர்ஸிங் ஹாஸ்டல், அத முடிக்கல. அப்புறம் இவரு. அப்புறம் புள்ளைங்க. எனக்குன்னு ஒரு வருஷம்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"அது இல்லாத வருஷம்" என்றார் லூர்துசாமி ஜன்னலிலிருந்து.

"இருக்கட்டும். நீங்க தேடுனதும் இல்லாததுதானே. அதுக்கு எதுக்கு மூணு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"தேடுனது நான். எனக்குத்தானே வலிக்கும்."

"நான் வேணும்னேவா மறந்தேன்? அந்த ஊருக்குப் போறப்ப உங்கள எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். குடை மறந்து போற மாதிரி."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. இருந்தாலும் லூர்துசாமி ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார். பணிமனையின் சங்கு ஊதி அடங்கியது.

"ஞாபகத்துல செஞ்சதுக்கு ஒருத்தர் பொறுப்பா பாப்பா?" என்று ஃபிலோமினா கேட்டாள். "நீதானே அந்த ஊரப் பண்ண, நீ சொல்லு."

"எனக்குத் தெரியல ஆன்ட்டி. நான் அங்க இருந்ததே இல்ல."

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அது அவர்களுக்குப் புதுச் செய்தி. யாமினி நாற்காலியைப் பற்றிச் சொன்னாள். ஃபிலோமினா முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. ஊரே பார்த்துவிட்டு வந்த திருவிழாவுக்குப் போக முடியாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி.

லூர்துசாமி கடைசியில் சொன்னார். "நான் வர்றேன்மா. என்னோடத எடுத்துருங்க. அவ வெச்சிக்கிட்டுப் போறா."

சனிக்கிழமை காலை வந்தார்கள். ஃபிலோமினா துணைக்கு வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். லூர்துசாமி நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எதிரே யாமினி. கதவு மூடியிருந்தது.

முதலில் அவர் தேடியதைச் சொன்னார். கடல்தரைத் தெருக்கள், பாசி பிடித்த வாசல்படிகள், எல்லா வீட்டிலும் கேட்டது, எல்லோரும் இல்லை என்றது. ஈர மண்ணில் குச்சியால் அவள் முகத்தை வரைந்து, இந்த மாதிரி ஒரு பொம்பளையைப் பார்த்தீர்களா என்று கேட்டது. தனக்கு வரைய வராது என்பதால் அது அவள் மாதிரி இல்லாமல் போனது. மணி அடித்ததும் மேலே ஓடியது. மேட்டில் இருந்த நாற்பது நாளும், கீழே இறங்கும் நாளுக்காகக் காத்திருந்தது.

"அஞ்சு மாசம்" என்றார். பிறகு நிறுத்தினார்.

யாமினி காத்திருந்தாள். சொல்லாமல் விட்டது இருக்கும் என்று ஃபர்ஹானா அவரிடம் முன்னமே சொல்லியிருந்தாள்.

"ஒரு தடவ எறங்குறப்ப ஏணி ஒண்ணு ஒடைஞ்சு போச்சு. சரிபண்ண ஆள் இல்ல. நான் எடுத்து, கயிறு கட்டி, முளை அடிச்சு, நிமித்தி வெச்சேன். அங்க இரும்பே கிடையாதும்மா. உனக்குத் தெரியுமே."

யாமினிக்குத் தெரியாது. இரும்பு உண்டா இல்லையா என்று அவள் யோசித்ததே இல்லை. "ம்" என்றாள்.

"எல்லாம் மரம்தான். முப்பத்து மூணு வருஷமா நெருப்பப் புடிச்ச கை இது. கண்ணுக்குள்ள வெளிச்சம் இல்லாம, காதுல எரைச்சல் இல்லாம ஒரு வேலை செஞ்சது அன்னைக்குத்தான். மறுநாள் ஒருத்தன் கதவக் கொண்டாந்தான். அப்புறம் படகு. மரத்த இழைக்கிறப்ப சுருள் சுருளா வரும் பாரு, அதுல ஒரு வாசம். சின்னப் புள்ளையில தச்சு வேலைக்குப் போறேன்னேன், எங்கப்பா ஐ.டி.ஐ.யில சேத்து விட்டாரு. அதக்கூட யாருகிட்டயும் சொன்னதில்ல." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "ஒரு நாள் தேடப் போகல. மறுநாளும் போகல. அப்புறம் போகவே இல்ல. ஏழு மாசம். பேரே மறந்து போச்சும்மா. ஃபிலோமினான்னு ஒரு பேரு எனக்கு வரல. சந்தோஷமா இருந்தேன்."

நாற்காலிக்குப் பின்னால் மின்விசிறி மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"அவ உள்ளத உள்ளபடி சொல்லிட்டா. நான் பாதியத்தான் சொன்னேன். அவ சொன்னதும் எனக்கு வந்த கோவம் இருக்கே, அது என்ன கோவம்னு எனக்கே தெரியும்."

அதன்பின் படகுக்குப் பூசிய மெழுகைப் பற்றியும், ஒரு ஜன்னல் சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். குரல் மெல்ல மெல்லத் தட்டையாகி நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

அவர் நிமிர்ந்தார். "ம், ஆரம்பிக்கலாமாம்மா?"

"முடிஞ்சிடுச்சு சார். பத்து நிமிஷம் அப்படியே உக்காந்திருங்க. தண்ணி கொண்டு வர்றேன்."

கதவைத் திறந்தபோது ஃபிலோமினா எழுந்து நின்றிருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"எனக்கும் எடுத்துரு பாப்பா."

"ஆன்ட்டி, அன்னைக்கு வேணாம்னு..."

"வெளிய உக்காந்து யோசிச்சேன். ஒரு வருஷம் ஒரு மனுஷன் வீடு வீடாத் தேடியிருக்காரு. இனிமே அது அவருக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அந்த வருஷத்த நான் எப்படி வெச்சிக்கிறது? ருசிக்காது."

வராந்தாவின் கோடியில் ஃபர்ஹானா முப்பத்தொன்றாவது படிவத்தை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அதில் கையெழுத்து விழுந்தால் யாமினியின் படிப்பு முடிந்தது. ஃபிலோமினா உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினால் போதும். தட்டும் டம்ளரும் பாயும் மணியும் யாமினியிடம் வந்து சேரும். மற்ற முப்பது பேருடையவை வந்த மாதிரி. அவளுக்கு அது வேண்டும் என்றுகூட இருந்தது. அதை உணர்ந்ததும் கூச்சமாக இருந்தது.

எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த காகிதமும் நினைவுக்கு வந்தது.

"ஆன்ட்டி" என்றாள். "அவரு அஞ்சு மாசம்தான் தேடினாரு."

ஃபிலோமினா அவளைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் விட்டுட்டாரு. உங்க பேரு கூட அவருக்கு மறந்து போச்சு."

"மிச்ச ஏழு மாசம்?"

"தச்சு வேலை பார்த்தாரு. ஏணி, கதவு, படகு."

"தச்சு வேலையா? இவரா?"

"சின்ன வயசுலேர்ந்து ஆசையாம். அவங்கப்பா விடலையாம்."

"சந்தோஷமா இருந்தாராமா?"

"ரொம்ப. அப்படித்தான் சொன்னாரு."

ஃபிலோமினா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றி அவிழ்த்தாள். அழப்போகிறாள் என்று யாமினி நினைத்தாள். அவள் அழவில்லை. "அப்ப ரெண்டு பேருமே நல்லாத்தான் இருந்திருக்கோம்" என்றாள்.

பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "நான் உக்காரல பாப்பா."

"சரி ஆன்ட்டி."

"உனக்கு மார்க்கு?"

"அத நான் பார்த்துக்கறேன்."

லூர்துசாமி வெளியே வந்தார். முகம் கழுவியவர் போல இருந்தார். மனைவியைப் பார்த்து, "ரொம்ப நேரமாயிருச்சா? உனக்குப் பசிச்சிருக்குமே" என்றார். மூன்று மாதத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்; ஏனென்றால் ஃபிலோமினா பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி வெயிலில் நடந்து போனார்கள்.

யாமினி மேசைக்குப் போய், முப்பத்தொன்றாவது படிவத்தில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஃபர்ஹானா அதைப் பார்த்தாள். வராந்தாவில் நடந்த பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது.

"அவரு சொன்னத நீ சொல்லியிருக்கக் கூடாது."

"தெரியும்க்கா."

"இது வெளிய வந்தா என் ஆராய்ச்சியும் சேர்ந்து போகும்."

"தெரியும்."

ஃபர்ஹானா படிவத்தை எடுத்து மற்ற முப்பதோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சை இரண்டு முறை இறுக்கினாள். அதற்குப் பிறகு அவர்கள் விடுதியில் படிக்கட்டில் சந்தித்துக்கொண்டால் சிரித்துக்கொண்டார்கள். உட்கார்ந்து பேசுவது நின்றுவிட்டது.

மே மாத ஆய்வு அரை மணி நேரத்தில் முடிந்தது. வந்தவர்கள் படிவக் கட்டை எடை பார்ப்பது போல் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். யாமினி இரண்டாம் வகுப்பில் தேறினாள். ஓவியங்கள் கல்லூரிக் கிடங்குக்குப் போயின. எடுத்து வைக்கும்போது அவள் அவற்றை ஒருமுறை பார்த்தாள். ஏணிகளில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நன்றாக வரைந்த படங்கள்தான். ஆனால் ஊரைப் படகிலிருந்து பார்த்துவிட்டு, இறங்காமலே திரும்பிப் போன ஒருவர் வரைந்தவை போலிருந்தன.

ஜூலையில் கோயம்புத்தூரில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப் பொன்மலைத் தபால் நிலையத்துக்குப் போனாள். அவள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேறு தபால் நிலையம் இருந்தது. கவுண்டரில் ஃபிலோமினா இருந்தாள். உறையை வாங்கித் தராசில் வைத்தாள்.

"நல்லா இருக்கியா பாப்பா?"

"இருக்கேன் ஆன்ட்டி. நீங்க?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி நேரம் வெளிய போயிட்டு வர்றேன். எங்கன்னு சொல்றதில்ல. மொத வாரம் கேட்டாரு. அப்புறம் கேக்கறதில்ல."

"சார் எப்படி இருக்காரு?"

ஃபிலோமினா ரப்பர் முத்திரையை மைத்தட்டில் அழுத்தினாள். "போன மாசம் அவரு பொறந்த நாளுக்கு உளி செட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். கூட ஒரு இழைப்புளி. 'இது எனக்கு எதுக்கு'ன்னு அலமாரி மேல தூக்கி வெச்சாரு. நாலு நாள் அங்கயே கெடந்துச்சு. அஞ்சாம் நாள் நான் டூட்டி முடிச்சு வர்றேன், வேப்பமரத்தடியில மரச்சுருளா கெடக்கு. ஒரு ஸ்டூல் பண்ணியிருக்காரு. ஆடுது. ஆனா உக்காரலாம்."

யாமினிக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கலையா?"

"கேட்டாரு. நீங்கதான் எப்பவோ சொன்னீங்கன்னேன்." உறையில் முத்திரை விழுந்தது. "எப்பச் சொன்னோம்னு இன்னும் யோசிச்சிக்கிட்டிருக்காரு."

ரசீதை நீட்டிவிட்டு, அவள் அடுத்தவரைப் பார்த்தாள்.